மலை ஸ்டேஜ் பார்ப்பது எப்படி: கடைசி ஏற்றம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

2022 ஜூலை 13, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 11-வது ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டத்தை ஸ்டேஜ் என்பார்கள்). கடைசி ஆறு கிலோமீட்டர் இருக்கும்போதுதான் நான் டிவியைப் போட்டேன். மலை நாள் என்றால் கடைசி ஏற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், மிச்ச நேரமெல்லாம் ஹெலிகாப்டரிலிருந்து பழைய கோட்டையையும் மாட்டு மந்தையையும் காட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போது என் எண்ணம். போட்ட கொஞ்ச நேரத்திலேயே யோனாஸ் விங்கேகார்ட் எழுந்து மிதித்துக் கிளம்பிவிட்டார். மஞ்சள் ஜெர்சியில், அதாவது மொத்த நேரக்கணக்கில் முதலிடத்தில், இருந்த ததேய் போகச்சார், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் டூரை ஜெயித்தவர், கூடவே போவார் என்று பார்த்தால் போகவில்லை, போக முடியவில்லை. ஜெர்சி ஜிப்பை முழுசாகத் திறந்துவிட்டு, துணி இரண்டு பக்கமும் படபடக்க, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல ஏறிக்கொண்டிருந்தார். சாதாரண நாளில் அவரிடம் நெருங்க முடியாதவர்கள்கூட ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது 2 நிமிடம் 51 விநாடி பின்னால்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். மறுநாள் அதே ஸ்டேஜை முதலிலிருந்து போட்டு நாலேகால் மணி நேரமும் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. போகச்சாரின் காலில் இருந்த தெம்பு கடைசி ஏற்றமான கிரானோன் மலையில் தீரவில்லை. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னால், அதற்கு முந்தைய மலையான கலிபியே ஏற்றத்திலேயே எதிரணி அதைத் தீர்க்க ஆரம்பித்துவிட்டது, நான் அந்த நேரத்தில் வேறு ஏதோ வேலையாக இருந்திருக்கிறேன்.

அதனால் கீழே சொல்வதெல்லாம் நான் தவறவிட்ட அந்த நாலு மணி நேரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான். பிரான்ஸுக்கும் இந்தியாவுக்கும் ஜூலையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். பெரும்பாலான ஸ்டேஜ்கள் நம் நேரப்படி மாலை நாலு, நாலரை வாக்கில் தொடங்கி, எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் பாதி கஷ்டம்தான். சரி, போனில் ஓரக்கண்ணால் பார்க்கவும் வழி சொல்கிறேன்.

முந்தின ராத்திரி: படத்தைப் படிப்பது

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு ஏற்ற இறக்கப் படம் வெளியிடுவார்கள். ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உயரத்தை இழுத்து நீட்டித்தான் வரைந்திருப்பார்கள், எந்த மலையும் அப்படிச் செங்குத்தாக நிற்பதில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு நீளம், சராசரிச் சரிவு எத்தனை சதவீதம், உச்சியிலிருந்து முடிவுக் கோட்டுக்கு எவ்வளவு தூரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். உச்சிக்கும் முடிவுக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர் இறக்கமும் சமவெளியும் இருந்தால், அங்கே தாக்குவதற்கு, அதாவது திடீரென்று வேகமெடுத்து மற்றவர்களை விட்டுப் பிரிவதற்கு, தனி ஆள் யோசிப்பான். ஆனால் அணியாக வந்தவன் யோசிக்க மாட்டான், அதை அப்புறம் சொல்கிறேன்.

அந்த கிரானோன் ஸ்டேஜையே எடுத்துக்கொள்வோம். ஆல்பெர்வில்லில் தொடக்கம், மொத்தம் 151.7 கி.மீ. முதலில் நீண்ட பள்ளத்தாக்குச் சாலை. பிறகு மோன்வெர்னியே என்ற சின்ன ஏற்றம், சுண்டு விரலை மடக்கி மடக்கி வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கொண்டை ஊசி வளைவுகள், ஹெலிகாப்டர்காரர்களுக்குக் கொண்டாட்டம். அப்புறம் தெலெகிராஃப், 11.9 கி.மீ., 7.1 சதவீதம். அதன் உச்சியிலிருந்து வலுவார் ஊருக்குச் சின்னதாக ஓர் இறக்கம், இறங்கியதும் கலிபியே: 17.7 கி.மீ., 6.9 சதவீதம், உச்சி 2,642 மீட்டர். அங்கிருந்து லோத்தாரே வழியாக நீண்ட இறக்கம், பள்ளத்தாக்கு. கடைசியில் கிரானோன்: 11.3 கி.மீ., 9.2 சதவீதம், முடிவுக் கோடு 2,413 மீட்டரில்.

9.2 சதவீதம் என்றால் நூறு மீட்டர் முன்னால் போவதற்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதாவது மூன்று மாடி. அதைப் பதினோரு கிலோமீட்டருக்கு விடாமல் செய்ய வேண்டும், மொத்தம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

சராசரியை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். குரோவா த ஃபேர் மாதிரி சில ஏற்றங்களின் நடுவிலேயே இறக்கம் வரும். அந்த இறக்கத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் ஐந்து சதவீதம் என்று சாதுவாகத் தெரியும், உண்மையில் மேலே ஏறும் பகுதிகள் கடுமையாக இருக்கும். கோல் த லா லோஸ் மாதிரி இடங்களில் உச்சிக்குப் பக்கத்தில் இருபது சதவீதத்தைத் தாண்டும் துண்டுகள் உண்டு, சராசரியில் அது காணாமல் போய்விடும். கிலோமீட்டர் கிலோமீட்டராகச் சரிவு போட்டிருக்கும் படம் கிடைத்தால் அதையே பாருங்கள்.

ஏற்றங்களுக்கு 4, 3, 2, 1 என்று தரம் போடுவார்கள். 4 லேசானது, 1 கடினம், அதற்கும் மேலே இருப்பவற்றுக்குத் தரமே கிடையாது, பிரெஞ்சில் ஓர் கத்தெகோரி என்பார்கள், தரத்துக்கு அப்பாற்பட்டது. கலிபியேயும் கிரானோனும் அந்த ரகம். எந்த கியரில் கார் ஏறுமோ அதை வைத்துத்தான் தரம் பிரித்தார்கள் என்று ஒரு கதை உலவும், கேட்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டாம். இந்தத் தரத்தை வைத்துத்தான் மலையேற்றத்தில் முதல்வருக்கான, சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சிக்குப் புள்ளிகள் கொடுக்கிறார்கள்: தரத்துக்கு அப்பாற்பட்ட மலையில் முதலில் ஏறுபவருக்கு 20, முதல் தர மலையில் 10, நாலாம் தரத்தில் வெறும் 1. மலைக்கணக்கு 1933-லேயே வந்துவிட்டது, அந்தப் புள்ளிச் சட்டை வந்தது 1975-ல்தான்.

முதல் ஒரு மணி நேரம்

கொடி விழுந்ததும் சிலர் தறிகெட்டு ஓடுவார்கள். கிரானோன் அன்றைக்கு வவுட் வான் ஆர்ட்டும் மதியூ வான் டெர் பூலும் தொடக்கத்திலேயே பறந்தார்கள். இரண்டு பேருமே மலைக்காரர்கள் இல்லை. முதல் தடவை பார்க்கிறவர் "சும்மா டிவியில் தெரிவதற்காகப் போகிறார்கள்" என்று சொல்லிவிடுவார், நானும் முன்பெல்லாம் அப்படித்தான் சொல்வேன்.

இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முந்திப் போன கும்பலில் எந்தெந்த அணியின் ஆள் இருக்கிறார், அந்த அணியின் தலைவர் பின்னால் எந்த இடத்தில் இருக்கிறார். வான் ஆர்ட்டும் கிறிஸ்டோஃப் லபோர்த்தும் விங்கேகார்ட்டின் ஜம்போ-விஸ்மா அணி. அவர்கள் முன்னால் போனது அந்த ஸ்டேஜை ஜெயிப்பதற்கு அல்ல. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, மலையில் அணித்தலைவர் தாக்கும்போது, அல்லது தாக்கிவிட்டுப் பள்ளத்தாக்கில் தனியாக நிற்கும்போது, இவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வந்து அவருக்குக் காற்று மறைப்பார்கள். முன்கூட்டியே போய்ப் பந்தியில் இடம் பிடித்து வைக்கிற வேலை மாதிரிதான் இது.

அதனால் போனில் பார்ப்பவர்கள் இந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை திறந்து, முன்னால் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கலாம். அணியின் எண்கள் பத்துப் பத்தாகப் போகும், ஓர் அணிக்கு எட்டுப் பேர் என்பதால் 1 முதல் 8, அடுத்தது 11 முதல் 18, இப்படி. பெரும்பாலும் 1-ல் முடியும் எண் தலைவருடையது. ஆனால் அந்த வருடம் ஜம்போவில் 11 பிரிமோஸ் ரோக்லிச், விங்கேகார்ட் 18. அதாவது ஒரே அணியில் இரண்டு தலைவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போனவர்களுக்கு எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று இடைவெளி ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். தலைவர்கள் யாரும் அதில் இல்லை என்றால் பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். ஆமாம், சாப்பாடு. மலை நாளில் ஒரு மணி நேரத்துக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், ஜெல், சர்க்கரைத் தண்ணீர், சோற்றைக் கட்டியாகப் பிடித்து வைத்த சின்னத் துண்டுகள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது, அதனால் ஏற்றத்துக்கு முன்னாலேயே தின்று முடித்துவிட வேண்டும். இதைத் தவறவிட்டவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பலனை அனுபவிப்பார்.

நடுப்பகுதி: தலைகளை எண்ணுங்கள்

இனிமேல்தான் முக்கியம். டிவி பெரும்பாலும் முன்னால் இருப்பவரைத்தான் காட்டும். நீங்கள் மஞ்சள் ஜெர்சி இருக்கும் கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் ஒரு வேலை செய்யுங்கள்: தலைவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் எத்தனை சகஅணியினர் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பேப்பர் எடுத்து எழுதினாலும் தப்பில்லை. தெலெகிராஃப் அடிவாரத்தில் எத்தனை, உச்சியில் எத்தனை, கலிபியே பாதியில் எத்தனை.

ஏன் எண்ண வேண்டும்? சமவெளியில் 45 கி.மீ. வேகத்தில் போகும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு உழைப்பு மூன்றில் ஒரு பங்குக்குமேல் மிச்சம். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது, வேகம் பாதியானால் எதிர்ப்பு நாலில் ஒன்று. ஒன்பது சதவீதச் சரிவில் 20 கி.மீ. வேகத்தில் ஏறும்போது எதிரி காற்று இல்லை, உடம்பின் எடை. யார் பின்னால் ஒளிந்தாலும் உங்கள் எடையை நீங்கள்தான் தூக்க வேண்டும். அதனால்தான் மலையில் கூட்டம் உதிர்கிறது, சமவெளியில் உதிர்வதில்லை.

அப்படியென்றால் மலையில் சகஅணியினர் எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று காரணம். ஒன்று, ஆறு ஏழு சதவீதச் சரிவில் இவர்கள் போகும் வேகத்துக்கு இன்னமும் கொஞ்சம் மறைப்பு கிடைக்கத்தான் செய்கிறது. இரண்டு, சைக்கிள் பழுதானால் தன்னுடையதைக் கொடுக்க ஒருவர், அணிக் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களை முதுகுச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வர ஒருவர். மூன்றாவது, இதுதான் பெரியது: எதிராளி தாக்கினால் உடனே நீங்களே துரத்தத் தேவையில்லை, உங்கள் ஆள் ஒரே சீரான வேகத்தில் இழுத்துக்கொண்டு போய் இடைவெளியை மூடுவார். ஆள் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் நீங்களே எழுந்து குதிக்க வேண்டும்.

அன்று தெலெகிராஃப் உச்சியை நெருங்கும்போதே ஜம்போ வேகத்தைக் கூட்டியது. போகச்சாரின் அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் கோவிட் வந்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். வலுவாரைத் தாண்டிக் கலிபியே தொடங்கியதும் நடந்ததைத்தான் நான் மறுநாள் மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரோக்லிச் தாக்குகிறார், போகச்சார் எழுந்து துரத்திப் பிடிக்கிறார். பிடித்து உட்காருவதற்குள் விங்கேகார்ட் தாக்குகிறார், மறுபடியும் எழுந்து துரத்துகிறார். மறுபடியும் ரோக்லிச். முடிவுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் பக்கம் இருக்கிறது, பெரிய மலை இரண்டு மிச்சம். இரண்டு பேர் மாறி மாறி அடிக்க, ஒருவர் எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லப்போனால், ரோக்லிச்சை விட்டுவிட்டிருக்கலாம், சில நாள் முன்னால் விழுந்து அடிபட்டு நேரக்கணக்கில் அவர் ஏற்கெனவே பின்தங்கியிருந்தார். ஆனால் போகச்சார் யாரையும் விடுகிற ரகம் இல்லை. உச்சிக்கு முன்னால் தானும் ஒரு தாக்குதல் போட்டார், விங்கேகார்ட் மட்டும் ஒட்டிக்கொண்டார். நேரலையில் பார்த்தவர்கள் அப்போது "போகச்சார் எவ்வளவு பலம் பாருங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஏறுவது ஒன்று, அதே அரை மணி நேரத்தில் பத்துத் தடவை துள்ளிக் குதிப்பது வேறு. சராசரி சக்தி ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது காலைக் காலி செய்துவிடும். அறுபது கிலோ எடையுள்ள ஒரு மலைக்காரர் கடைசி ஏற்றத்தில் அரை மணி நேரத்துக்கு 360 வாட்டுக்கு மேல் கொடுக்கிறார், அதாவது ஒரு கிலோவுக்கு 6 வாட். வார இறுதியில் நன்றாக ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு 3 வந்தாலே பெருமையடித்துக்கொள்ளலாம். அவ்வளவு விளிம்பில் ஓடும் இயந்திரத்தில் முன்னால் பண்ணிய பத்துத் துள்ளலுக்கும் கணக்கு உண்டு.

இறக்கமும் பள்ளத்தாக்கும்

உச்சியைத் தாண்டியதும் சிலர் ஜெர்சிக்குள் செய்தித்தாளைச் செருகுவதைப் பார்க்கலாம், அல்லது பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஓட்டிக்கொண்டே மெல்லிய காற்றுச் சட்டையை மாட்டுவார்கள். வியர்த்த நெஞ்சோடு 80, 90 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஜூலையிலும் விறைத்துவிடும். அந்த கிரானோன் ஸ்டேஜுக்கு மறுநாளே 22 வயது டாம் பிட்காக் இதே கலிபியேயிலிருந்து இறங்கிய விதத்தைத் தேடிப் பாருங்கள், அந்த இறக்கத்திலேயே முன்னால் போனவர்களை நெருங்கி, கடைசியில் அல்ப் து ஏஸில் ஜெயித்தார். ஆனால் இறக்கத்தை விளையாட்டாகப் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. 1995-ல் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் ஃபாபியோ கசார்டெல்லி விழுந்து இறந்தார்.

பள்ளத்தாக்கில் எதிர்க்காற்றா, பின்காற்றா என்று கவனியுங்கள். சாலையோரக் கொடிகளையோ மரங்களையோ பார்த்தால் தெரியும். எதிர்க்காற்று என்றால் தனியாகப் போகிறவருக்கு நஷ்டம், கூட்டத்துக்கு லாபம். கலிபியே உச்சிக்கும் கிரானோன் அடிவாரத்துக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, அந்த இடத்தில்தான் தொடக்கத்தில் முன்னால் போன வான் ஆர்ட் பின்னால் வந்து வேலை செய்தார், சிதறியிருந்த ஆட்கள் ஒன்றுசேர்ந்தார்கள். போகச்சாருக்குப் பக்கத்தில் அடிவாரத்தில் ரஃபால் மைக்கா ஒருவர் மிச்சம். இப்போது உங்கள் பேப்பரில் இருக்கும் எண்களைப் பாருங்கள்.

கடைசி ஏற்றம்: முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள்

முகம் பொய் சொல்லும். நல்ல ஓட்டக்காரர்கள் நடிப்பதில் கில்லாடிகள், வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். தோள் அவ்வளவு லேசில் பொய் சொல்லாது. நன்றாக இருப்பவருக்கு இடுப்புக்கு மேலே எதுவும் ஆடாது, கால் மட்டும் சுற்றும். தோள் வலது இடது என்று ஆட ஆரம்பித்தால், கை பிடியை இழுக்க ஆரம்பித்தால், கால் தீர்ந்து மேலுடம்பைத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

அடுத்தது, வரிசையில் யார் கடைசி. ஏற்றத்தில் பத்துப் பேர் வரிசையாகப் போகிறார்கள் என்றால் பத்தாவது ஆளைப் பாருங்கள், அவர் ஏன் அங்கே இருக்கிறார்? சில சமயம் சோம்பேறித்தனம், சில சமயம் தந்திரம், பெரும்பாலும் முடியவில்லை. வளைவு வளைவாக ஒரு சைக்கிள் நீளம் விட்டு, மறுபடி எட்டிப் பிடித்து, மறுபடி விட்டு, ரப்பர் பேண்டு மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு கிலோமீட்டரில் அறுந்துவிடும். மூன்றாவது, கால் சுற்றும் வேகம். பக்கத்தில் இருப்பவர் தையல் மிஷின் மாதிரி சுற்ற, இவர் கனமான கியரில் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் சிலருக்கு இயல்பே அதுதான், முந்தைய நாட்களில் அவர் எப்படி ஓட்டினார் என்று தெரிந்தால்தான் இதைச் சொல்ல முடியும்.

ஜிப்பைத் திறப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், வெயிலில் எல்லோரும் திறப்பார்கள். தண்ணீரைக் குடிக்காமல் பிடரியில் ஊற்றிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான், சூடு.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இன்னொரு எதிரி சேர்ந்துகொள்ளும். 2,400 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால்வாசி ஆக்ஸிஜன்தான். கீழே என்றால் கொஞ்சம் அதிகமாக முக்கிவிட்டு அப்புறம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம், அங்கே ஆசுவாசம் கிடையாது. அதனால்தான் உயரமான மலைகளில் ஒருவர் உடைந்தால் பத்து விநாடி இருபது விநாடியோடு நிற்காமல் நிமிடக்கணக்கில் போகிறது.

கிரானோனில் முதலில் நைரோ கின்டானாவும் ரொமாங் பார்தேயும் கிளம்பினார்கள். பிறகு, முடிவுக்கு 5 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது, விங்கேகார்ட். அதுவரை முன்னால் இருந்த, கலிபியே உச்சியை முதலில் தொட்ட வாரன் பார்கிலையும் பிடித்துத் தாண்டினார். நான் டிவியைப் போட்டதும் பார்த்தது இதைத்தான், ஒரே ஒரு தாக்குதல். கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவன்.

டிவி மூலையில் இருக்கும் இடைவெளி எண்ணைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். சமவெளியில் பழைய விதி ஒன்று உண்டு, ரொபேர் ஷபாத் என்ற பிரெஞ்சு வர்ணனையாளர் பெயரில்: முன்னால் ஓடுகிறவரிடமிருந்து கூட்டம் பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் பிடித்துவிடும். மலையில் அது செல்லாது. வேகம் குறைவாக இருப்பதால் நூறு மீட்டர் இடைவெளியே 18, 20 விநாடி ஆகும். படத்தில் ஓட்டக்காரர் பக்கத்திலேயே தெரிவார், பிடித்துவிடுவார் போல இருக்கும், ஆனால் எண் இருபது விநாடி என்று காட்டும். எண்ணை நம்புங்கள். எண் ஒரே திசையில் மூன்று தடவை தொடர்ந்து நகர்ந்தால் பெரும்பாலும் திரும்பாது.

வானிலையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ல் இசெரான் மலையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது முன்னால் ஆலங்கட்டியும் மண்சரிவும் சாலையை மூடிவிட்டதால் ஸ்டேஜை அங்கேயே நிறுத்தி, இசெரான் உச்சியில் எடுத்த நேரத்தையே கணக்கில் வைத்தார்கள். அப்படித்தான் எகன் பெர்னலுக்கு மஞ்சள் ஜெர்சி கிடைத்தது. கடைசி ஏற்றத்துக்காக எதையாவது மிச்சம் வைத்திருந்தவர்களுக்கு அது பயன்படவே இல்லை.

கோட்டைத் தாண்டியதும் கணக்குப் போடுங்கள்

ஒரு நிமிட வேலை, ஆனால் செய்து பார்த்தால்தான் பந்தயம் மனசில் ஒட்டும். ஸ்டேஜுக்கு முன் போகச்சார் முதலிடம், விங்கேகார்ட் 39 விநாடி பின்னால். ஸ்டேஜில் 2 நிமிடம் 51 விநாடி வித்தியாசம். முதலில் வந்தவருக்கு மொத்த நேரத்தில் 10 விநாடி தள்ளுபடி உண்டு, இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கு 4. போகச்சார் ஏழாவதாக வந்ததால் ஒன்றும் இல்லை. 2:51-ஓடு 10-ஐக் கூட்டினால் 3:01, அதில் 39-ஐக் கழித்தால் 2:22. அன்றிரவு விங்கேகார்ட் மஞ்சள் ஜெர்சியில், போகச்சார் 2 நிமிடம் 22 விநாடி பின்னால். பாரிஸில் டூர் முடிந்தபோது வித்தியாசம் 2:43. பத்து நாள் ஓடி, இந்த ஒரு ஏற்றத்தில் விட்டதைத் திரும்பப் பிடிக்கவே முடியவில்லை.

கிரானோன் இதற்கு முன் டூரில் வந்தது ஒரே ஒரு தடவை, 1986-ல். அன்றும் அங்கே மஞ்சள் ஜெர்சி கை மாறியது, பெர்னார் ஈனோவிடமிருந்து கிரெக் லெமாண்டுக்கு. ஈனோ அதற்குப் பிறகு அந்த ஜெர்சியை அணியவே இல்லை. இருவரும் ஒரே அணி என்பது கூடுதல் வேடிக்கை.

நேரில் போகிறவர்களுக்கு

பிரான்ஸில் உறவினர் வீட்டுக்கு ஜூலையில் போகிற தமிழர்கள் நிறையப் பேர், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மலைச்சாலையைப் பல மணி நேரம் முன்னாலேயே வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள், பெரிய மலை என்றால் முந்தின நாளே போய் இடம் பிடிப்பவர்கள் உண்டு. நடந்தோ சைக்கிளிலோ ஏறத் தயாராகப் போங்கள். தண்ணீர், தொப்பி, கூடவே ஒரு ஸ்வெட்டர். ஓட்டக்காரர்கள் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும், தொப்பி, சாவிக்கொத்து, தின்பண்டம் என்று வீசிக்கொண்டே போவார்கள், பெரியவர்களே அடித்துப் பிடித்துக்கொண்டு பொறுக்குவார்கள். நிற்பதற்குச் சரிவு அதிகமான இடம், வளைவின் வெளிப்பக்கம் நல்லது, மெதுவாக வருவார்கள், முகம் தெரியும். கூடவே ஓடாதீர்கள், முதுகில் பையோடு சாலைப் பக்கம் திரும்பாதீர்கள். யார் முன்னால் என்று தெரிய வேண்டுமென்றால் போனில் நேரலை வேண்டும், அங்கே சிக்னல் கிடைத்தால்.

கடைசியாக வருகிறவர்கள்

முதலாவது ஆள் கையைத் தூக்கியதும் பெரும்பாலோர் டிவியை அணைத்துவிடுகிறார்கள். இன்னொரு அரை மணி நேரம் விட்டுவையுங்கள். வேகப் பந்தயக்காரர்கள், அதாவது எண்பது கிலோ உடம்போடு சமவெளியில் பறப்பவர்கள், மலையில் ஜெயிக்க வரவில்லை, தப்பிக்க வந்திருக்கிறார்கள். முதலாவதாக வந்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் சேர்த்து ஒரு கெடு வைப்பார்கள், ஸ்டேஜின் கடினத்தையும் அன்றைய வேகத்தையும் பொறுத்து அது மாறும். கிரானோனில் விங்கேகார்டுக்கு ஆனது 4 மணி 18 நிமிடம் 2 விநாடி. உதாரணத்துக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 39 நிமிடம். அதற்குள் வராவிட்டால் மறுநாள் தொடக்கக் கோட்டில் இடமில்லை, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால் இவர்களெல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமாக வருவார்கள், இத்தாலியச் சொல்லில் க்ருப்பெட்டோ. அணி பேதம் கிடையாது. இறக்கத்தில் எவ்வளவு பிடிக்கலாம், ஏற்றத்தில் எவ்வளவு விடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்ல அனுபவசாலி ஒருவர் இருப்பார். பெரிய கூட்டமாகக் கெடுவைத் தாண்டினால் நடுவர்கள் சில சமயம் விட்டுக்கொடுப்பார்கள், தனியாகத் தாண்டினால் யாரும் விட மாட்டார்கள். மார்க் காவெண்டிஷ் 2018-ல் லா ரோசியேர் ஏற்றத்தில் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். 2021-ல் திரும்பி வந்தபோது மோன் வான்டூவை ஒரே நாளில் இரண்டு தடவை ஏற வேண்டிய ஸ்டேஜில் அவரைச் சுற்றிச் சகஅணியினர் காவல் மாதிரி நின்று இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அந்த டூரில் அவர் நாலு ஸ்டேஜ் ஜெயித்து எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைச் சமன் செய்தார், 2024-ல் 35-வதும் வந்தது.

எங்கள் வீட்டில் இந்த நேரத்தில்தான் அம்மா வந்து "ஜெயிச்சாச்சு இல்ல, இன்னும் என்னத்தடா பாக்குற?" என்று கேட்பார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் ஓடும் கடிகாரத்தைக் காட்டுவேன். முப்பது பேர், சட்டையெல்லாம் உப்புப் பூத்து, யாரும் யாரோடும் பேசாமல், கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருப்பார்கள். கெடுவுக்கு இன்னும் நாலு நிமிடம் இருக்கும்.